முன்னிருக்கை

ஜும்பெர் சொன்னதை அப்படியே
ரசீது நோட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்:
"தனியாகப் போனால் தங்கம்.
ஆள் ஏறினால் முரண்டு."

டாக்சிக்காரருக்கு
இதைவிடப் பொல்லாத வியாதி உண்டா?

இருபது வயது ஜெர்மன் வண்டி.
ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் உதறல்,
பிறகு நான்காம் கியரில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடும்.
பலகையில் பி, ஆர், என், டி
எல்லாம் சேர்ந்து எரியும்,
கேள்வி புரியாத வகுப்பு மொத்தமாகக் கை தூக்கினாற்போல.
அணைத்துப் போட்டால் சமாதானம்.
அடுத்த சவாரி வரை.

வாழா பார்த்துவிட்டானாம்.
ஆயிலை மோந்தான், உதட்டைப் பிதுக்கினான்.
புது கியர்பெட்டிக்கு அவன் சொன்ன விலை
ஜும்பெரின் நாலு மாத வரும்படி.
வாழா மேல் எனக்குக் கோபமில்லை.
ஸ்பேனர் பிடித்த கை
பல்சக்கரத்தைத்தான் சந்தேகப்படும்.
நான் கம்பியைச் சந்தேகப்படுகிறவள்.

கருவியை மாட்டினேன்.
மூன்றாம் வால்வு, மின்சுற்று, விட்டு விட்டு
என்றது.
விட்டு விட்டு:
திதுபே ரயில் பாதைக்குப் பின்னால்
பதினோரு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன்,
இதைவிடக் கெட்ட வார்த்தை கேட்டதில்லை.
அறுந்த கம்பி பொய் சொல்லாது.
அறுந்தும் அறுகாததுதான் ஆளைக் கொல்லும்.

மீட்டர் வைத்தேன். முப்பது ஓம்.
ஆட்டினேன், இழுத்தேன். முப்பது.
முடி உலர்த்தும் எந்திரத்தால் சூடு காட்டினேன்.
முப்பத்திரண்டு. அது நியாயம்,
சூடு பட்டால் செம்பும் கொஞ்சம் முறைக்கும்.
பாட்டரி சரி. எர்த் சரி.
கூண்டேறிய சாட்சி மாதிரி
வண்டி எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொன்னது.

தனியாகக் கோஜோரி மலைவரை ஓட்டிப் போய் வந்தேன்.
தங்கம்தான்.

"நீங்கள் ஏறுங்கள், நான் ஓட்டுகிறேன்" என்றார்.
ஓட்டினார்.
இரண்டாவது வளைவில்
இல்லாத பிரேக்கை நான் மிதித்தேன்,
பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் மிதிப்பதுபோல.
உதறல். எல்லா எழுத்தும் எரிந்தது.
"பார்த்தீர்களா!"
என்ன சந்தோஷம் அந்த மனுஷனுக்கு.

ஓரம் கட்டச் சொன்னேன்.
காலைத் தூக்கி, அணைத்து, போட்டால் சரி.
குதிகாலை ஊன்றினால் கோளாறு.
தூக்கினேன். ஊன்றினேன்.
பனி கொட்டும் சாலையோரம்
காலணியைக் கழற்றிவிட்டு
ஒரு காலால் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்.
"அப்படியானால் நீங்கள்தான் கோளாறு" என்றார் ஜும்பெர்.

கடையில் கம்பளத்தை உரித்தோம்.
கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் இறங்கும் துளையில்
எந்த வருடத்து இலையோ அடைத்திருந்தது.
வழி தெரியாத மழை உள்ளே வந்து,
கியர்பெட்டியின் மூளை இருக்கும் கறுப்புப் பெட்டிக்குள்
தவளை வளர்க்குமளவு தேங்கியிருந்தது.
அங்கே, பிளக்குக்கு ஒரு விரல் முன்னால்,
ஒரே ஒரு கம்பி.
உறையைக் கீறினேன்.
உள்ளே செம்பு இல்லை, களிம்பு.
பச்சைத் தூளாக உதிர்ந்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நாலங்குலக் கம்பி, ஈயம், புது உறை.
மூளையைத் திறந்து உலர்த்திப் பார்த்தேன், பிழைத்திருந்தது.
ஜும்பெர் பேசாமல் நின்றார்.
பிறகு சியாலா என்றொரு பெயர் சொன்னார்.
எதிர் வீடு. விடியற்காலை ரொட்டிக்கடை வேலைக்குப் போகிறவள்.
தினம் இவர் வண்டிதான், தினம் அந்த முன்னிருக்கைதான்.
அவள் ராசி சரியில்லை என்று
குளிர்காலம் முழுக்கத் தெருவெல்லாம் சொல்லியிருக்கிறார்.
இப்போது அவள் பஸ்ஸில் போகிறாள்,
முகம் பார்ப்பதில்லை.

கோளாறு எண்ணை அழிக்கவா என்று கருவி கேட்டது.
அழித்தேன்.
கம்பளம் மூன்று நாள் காயட்டும் என்றேன்.

அவர் நகரவில்லை.
"அதை ரசீதில் எழுதித் தருவீர்களா?"
"எதை?"
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கம்பி, ஈயம், கூலி எல்லாம் எழுதி
கடைசி வரியில் எழுதினேன்:
முன்னிருக்கைப் பயணி. சோதித்தது. கோளாறு இல்லை.
கடை முத்திரையும் வேண்டும் என்றார்.
மை காய்ந்திருந்தது.
ஊதி ஊதி இரண்டு தடவை குத்தினேன்.